வன்னிப் பயிர்கள் – 11: உழுது புதைத்த நார்

இரணைமடுவின் வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சி வயல்களுக்குள் எப்படி வந்தது என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அங்கே நெல்லை மட்டுமே கணக்கில் எடுத்தோம். வயற்காரரும் அப்படித்தான் கணக்குச் சொல்வார்: ஏக்கருக்கு எத்தனை மூடை, மூடை என்ன விலை. ஆனால் விளைகின்ற ஒவ்வொரு தொன் நெல்லோடும் ஏறத்தாழ ஒரு தொன் வைக்கலும் விளைகிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. காலபோக வெட்டு முடிந்து, நிலத்தில் ஈரம் காய்வதற்குள் எறியும் சணல் விதைக்கும் அதே கதிதான். வைக்கலும் சணலும் நார் தருபவை. இரண்டிலிருந்தும் கடதாசி செய்திருக்கிறார்கள். வைக்கலில் இலங்கையிலேயே செய்தார்கள். அதற்கு வேண்டிய எரிசோடா வட்டக்கச்சியிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் தயாரானது. இவ்வளவும் இருந்தும் இந்தப் பக்கத்தில் கடதாசித் தொழில் ஏன் வேர்விடவில்லை?

வட்டக்கச்சிக் குடியேற்றம் 1950களுக்குரியது. வந்தவர்களில் பெரும்பாலோர் குடாநாட்டில் துண்டு நிலத்தில் கிணற்று நீரை நம்பிப் பயிர் செய்தவர்கள். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு போட்டு அவர்கள் வயலாக்கிய மண்ணில் வைக்கலுக்கு அப்போதே சொந்தக்காரர் இருந்தார்கள். அருவி வெட்டி உப்பட்டியாகப் போட்டு, காய்ந்ததும் கட்டிச் சுமந்து வந்து சூடு வைப்பார்கள். சூடு மிதித்து நெல்லைப் பிரித்த பிறகு, மிதிபட்டு மெத்தென்று ஆன வைக்கல் பட்டடையாகக் குவியும். உழுத மாட்டுக்கும் சூடு மிதித்த மாட்டுக்கும் கோடை முழுதும் அதுதான் தீன். கூரைக்கு அது போகும், மண் சுவருக்கு மண் குழைக்கும்போது போகும், மிச்சம் எருக்கிடங்குக்குப் போகும். ஆக, பட்டடை வைக்கலைப் பார்த்து “சும்மா கிடக்குது” என்று சொல்லியிருக்கக்கூடியவர் வெளியூர்க்காரராகத்தான் இருந்திருப்பார்.

அப்படிப் பார்த்த ஒருவர் இலங்கையின் கைத்தொழில் அமைச்சராக இருந்தார். ஜி. ஜி. பொன்னம்பலம் 1948 முதல் 1953 வரை அந்தப் பதவியில் இருந்த காலத்தில் மூன்று பெரிய ஆலைகளுக்கு அடி போடப்பட்டது: காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் கடதாசி. பொன்னம்பலத்தின் அரசியலைப் பற்றி நம்மவர்களுக்கு ஆயிரம் கருத்து உண்டு. இந்தத் தொடருக்கு அது வேண்டாம். ஆனால் இந்த மூன்றையும் தனித்தனியே எண்ணிப் பார்ப்பது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. பரந்தனும் வாழைச்சேனையும் ஒன்றையொன்று பார்த்துக் கட்டப்பட்டவை போலவே இருக்கின்றன.

பரந்தன் ஆலையின் வேலை, உப்பைப் பிரிப்பது. ஆனையிறவு உப்பளத்து உப்பை நீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் எரிசோடா, மறுபக்கம் குளோரின் கிடைக்கும். கூடவே ஐதரசன் வாயு. இரசாயனக் கணக்கு இப்படி: 58.5 கிலோ உப்பு முழுதும் பிரிந்தால் 40 கிலோ எரிசோடா, 35.5 கிலோ குளோரின். இந்த விகிதத்தை மாற்ற எந்தப் பொறியியலாளராலும் முடியாது. எரிசோடாவுக்கு மட்டும் கிராக்கி இருந்தால் குளோரினை என்ன செய்வது என்ற தலையிடி வரும். சவர்க்காரக்காரருக்கு எரிசோடா போதும், குடிநீர் சுத்திகரிப்பவருக்குக் குளோரின் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்கிற வாடிக்கையாளர் கடதாசிக்காரர்தான். வைக்கலை அவித்து நாரைப் பிரிக்க எரிசோடா வேண்டும். பிரிந்த மஞ்சள் கூழை வெளுக்கக் குளோரின் வேண்டும். இப்படி ஆனையிறவின் உப்பு பரந்தன் வழியாகப் போய்க் கடைசியில் பள்ளிக்கூடக் கொப்பியின் தாளுக்குள் வேலை செய்தது.

வாழைச்சேனை ஆலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. பக்கத்தில் மட்டக்களப்புப் புகையிரதப் பாதை, ஆலையின் காலடியில் வாவி, சுற்றிலும் நெல்வயல், தரிசில் இலுக்குப் புல். இலுக்கை நம்பித்தான் முதலில் பேசப்பட்டது, வைக்கலும் சேர்ந்தது, போகப்போக வைக்கலே முதன்மைப் பொருளானது. புல் நாரில் பெரிய தொழிற்சாலை நடத்தலாம் என்ற துணிவு அந்தக் காலத்து ஆசிய நாடுகளுக்கு இயல்பானது. பைன் காடு இல்லாத நாட்டுக்கு வேறு வழி எது?

துணிவு சரி, வைக்கலின் குணம் வேறு. அது எடை குறைந்து இடம் அடைக்கும் பொருள். லொறி நிறைய ஏற்றினாலும் உள்ளே இருப்பது பாதி காற்று. வருடத்தில் இரண்டு வெட்டில் வருவதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து அம்பாரமாக வைக்க வேண்டும்; மழையில் உக்கும், வெயிலில் தீப்பிடிக்கும். ஒரு தொன் கூழுக்கு இரண்டரைத் தொன் வரை வைக்கல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உடம்பெங்கும் வைத்துக்கொள்ளும். வைக்கலைத் தடவினால் விரலை அறுக்கிற அந்தச் சொரசொரப்பு அதுதான். மரக்கூழ் ஆலைகளில் அவித்த கருநீரை வற்றவைத்து எரித்து எரிசோடாவைத் திரும்பப் பெறுவார்கள். வைக்கல் ஆலையில் சிலிக்கா குழாய்களில் கல்லாகப் படிந்து அந்த வழியை அடைத்துவிடும். ஆகவே கருநீர் வாவிக்குப் போனது. பரந்தனில் காசு கொடுத்து வாங்கிய எரிசோடாவும் அதோடு போனது. வாழைச்சேனை மீனவர்கள் அதற்குக் கொடுத்த விலை ஆலையின் கணக்கில் வரவில்லை. 1970களின் இறுதியில் எம்பிலிப்பிட்டியவில் இன்னொரு வைக்கல் ஆலை கட்டியபோதும் கழிவுநீர்ச் சிக்கல் அங்கேயும் கூடவே வந்தது.

வைக்கலைக் கடதாசியாக்கும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடதாசி என்றால் கந்தல் துணி. அச்சுக்கூடங்கள் பெருகப் பெருகக் கந்தல் போதாமல் போனது. றேகன்ஸ்பேர்க் நகரத்து ஷேஃபர் என்ற பாதிரியார் 1765 தொடக்கம் ஆறு பாகங்களாக ஒரு நூல் வெளியிட்டார். குளவிக்கூடு, பாசி, உருளைக்கிழங்கு, வைக்கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கூழாக்கி, அந்தத் தாளையே மாதிரியாக நூலில் ஒட்டினார். 1800இல் லண்டனில் மத்தியாஸ் கூப்ஸ் வைக்கல் தாளிலேயே ஒரு புத்தகம் அச்சிட்டு அரசனுக்குச் சமர்ப்பித்தார். அடுத்து ஒரு பெரிய ஆலையும் கட்டினார். மூன்று நான்கு வருடத்தில் கடனில் மூழ்கினார். ஷேஃபரின் ஆசை சோதனையோடு நின்றதால் பிழைத்தது, கூப்ஸின் ஆசை தொழிலாகப் பார்த்ததால் கவிழ்ந்தது என்று அவசரமாகச் சொல்லலாம். ஆனால் நார்ப்பயிரில் எப்போதும் நடப்பது இது: ஒரு தாள் வரும், பத்தாயிரம் தாளுக்கு நார் சேர்ப்பது வேறு தொழில்.

கையால் தாள் செய்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். இந்தியாவின் காகஸி குடும்பங்கள், சாங்கானேர், கால்பி, ஜுன்னர், தௌலதாபாத் போன்ற ஊர்களில் நூற்றாண்டுகளாகத் தாள் வார்த்தவர்கள், வைக்கலைப் பெரிதாக நாடவில்லை. அவர்களுடைய முதற்பொருள் சணல். நம் வயலில் மஞ்சளாகப் பூக்கும் அதே சணல். சாக்கு நெய்யும் வங்காளத்து நீளச் செடி வேறு. பெரும்பாலும் புதுச் சணலையும் அவர்கள் வாங்கவில்லை. அறுந்த கயிறு, கிழிந்த சாக்கு, மீனவர் எறிந்த வலை ஆகியவற்றை வாங்கினார்கள். கயிறாக இருந்து இழுபட்டு, வலையாக இருந்து நனைந்து காய்ந்து பழுத்த நாரில் பசை ஏற்கெனவே பாதி கழன்றிருக்கும்; விலையும் மலிவு.

அதைக் கோடரியால் துண்டாக்கி, சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு, காலால் மிதித்து இயக்கும் பெரிய உலக்கையின் கீழே இடிப்பார்கள். ஒருவர் மிதிக்க, இன்னொருவர் குழியருகே குந்தியிருந்து நாரைத் திருப்பிக் கொடுப்பார். இடித்ததை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் துணியில் கட்டி அலசுவார்கள். மறுபடி சுண்ணாம்பு, மறுபடி இடி, மறுபடி அலசல், வெயில். இப்படிப் பல முறை. கடைசியில் கூழைத் தொட்டி நீரில் கலக்கி, மெல்லிய புற்குச்சிகளைக் குதிரைமயிரால் கோத்த பாயை மரச் சட்டத்தின் மேல் விரித்து, அதை நீரில் அமிழ்த்தித் தூக்குவார்கள். நீர் வடிய, பாயில் தங்குவது தாள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நீரை அழுத்திப் பிழிந்து, பூச்சுப் பூசிய சுவரில் தூரிகையால் ஒட்டிக் காயவிடுவார்கள். காய்ந்ததற்கு அரிசிக் கஞ்சி தடவுவார்கள், மை ஊறாமல் இருக்க. பிறகு வழுவழுப்பான கல்லால் தேய்த்து மினுக்குவார்கள். அமெரிக்கரான டார்ட் ஹண்டர் 1937இல் இந்தியாவுக்கு வந்து இந்த வேலையை ஊர் ஊராகப் பார்த்து, 1939இல் தாள் மாதிரிகளோடு நூலாக்கினார். அவர் பார்த்தபோதே அது ஒடுங்கிக்கொண்டிருந்த தொழில்.

வைக்கலுக்கும் சணலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம். வைக்கலின் தனி நாரிழை சராசரியாக ஒரு மில்லிமீற்றர் அளவுதான். சணற்பட்டையின் இழை அதைப் போலப் பல மடங்கு நீளம். குட்டை இழைத் தாள் மடித்தால் உடையும், ஈரமானால் பிய்யும். நீள இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். மிசினில் ஓடும் வைக்கல் கூழுக்குக்கூட வெளிநாட்டு மரக்கூழைக் கலந்துதான் பலம் கூட்ட வேண்டியிருந்தது.

இந்தச் சணலை யாழ்ப்பாணத்து வயற்காரர் பெரும்பாலும் நாருக்காக வளர்க்கவில்லை. தை, மாசியில் நெல் வெட்டியதும் மிச்ச ஈரத்தில் விதையை எறிவார்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் வயல் முழுக்க மஞ்சள். இப்போது தென்மராட்சிப் பக்கம் அந்தப் பூவோடு நின்று படம் எடுக்க வான் பிடித்து வருகிறார்கள். செடி மிதிபடுகிறது என்று வயற்காரர் ஏசுவதும் கேட்கிறது. பூத்த நிலையில் மடக்கி உழுதுவிடுவார்கள். வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலிருந்து அது சேர்த்த நைதரசன் அடுத்த போகத்து நெல்லுக்கு. குடாநாட்டிலிருந்து வட்டக்கச்சிக்கு வந்தவர்கள் இந்த அறிவையும் கொண்டுதான் வந்தார்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வயலுக்கு இது பொருத்தமான பயிர்.

நாருக்கு வளர்ப்பதானால் முதல் நாளிலிருந்தே வேறு முறை. விதையை நெருக்கமாக எறிய வேண்டும். ஐதாக விதைத்தால் செடி கிளைக்கும். கிளைத்த இடத்தில் நார் அறும். நெருக்கத்தில் ஒளிக்குப் போட்டியிட்டு ஒற்றைத் தண்டாக ஆள் உயரத்துக்கு மேல் போகும். பூத்த அன்றே வெட்டினால் நார் மென்மையாக இருக்கும், ஆனால் அளவு குறைவு, பலமும் போதாது. விதை முற்றும்வரை விட்டால் பட்டை மரமாகிவிடும். இடையில், பிஞ்சுக் காய் பிடிக்கும் பருவத்தில், ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெட்ட வேண்டும். வெட்டியதை ஓரிரு நாள் வயலிலேயே கிடத்தினால் இலை உதிரும். அந்த இலை நிலத்துக்கு. தண்டைக் கட்டாகக் கட்டி, முதலில் தடித்த அடிப்பகுதியை மட்டும் நீரில் நிறுத்தி, அடுத்த நாள் முழுக் கட்டையும் அமிழ்த்திக் கல்லோ சேறோ வைத்து அழுத்துவார்கள். வெப்பமான காலத்தில் ஒரு கிழமைக்குள் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் பட்டைக்கும் தண்டுக்கும் இடையிலான பசையைத் தின்றுவிடும். ஒரு நாள் முந்தினால் நார் தண்டை விட்டு வராது. இரண்டு நாள் பிந்தினால் நாரே இற்றுப்போகும். தினமும் ஒரு தண்டை எடுத்து அடியை முறித்து இழுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. நூறு கிலோ பச்சைத் தண்டுக்கு மூன்று நான்கு கிலோ காய்ந்த நார் தேறினால் நல்லது.

மற்ற நாட்டுக் கைத்தாள் பயிர்களிலும் அறுவடை நாளே தாளின் தரத்தைத் தீர்மானிக்கிறது. யப்பானில் கோசோ என்ற காகித முசுக்கொட்டையை இலை கொட்டிய பிறகு, பனிக்காலத்தில், வருடா வருடம் வெட்டுவார்கள். வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். நேபாள மலையில் லோக்தா செடியை நிலத்துக்கு மேல் கொஞ்சம் விட்டு வெட்டினால் சில வருடங்களில் திரும்ப வளரும். வேரோடு பிடுங்கினால் அந்தச் சரிவில் லோக்தா முடிந்தது.

சணலுக்கு வேண்டியதும் நீர்தான், ஆனால் வட்டக்கச்சியில் அது எந்த மாதத்து நீர்? மாசியில் விதைத்த சணலை வெட்டி ஊறவைக்கும் காலம் சித்திரை, வைகாசி. இரணைமடுவின் நீரை அளந்து, யாருக்கு எத்தனை ஏக்கர் சிறுபோகம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் வாதாடிப் பங்கு பிரித்து முடித்த நேரம். எல்லோருக்கும் போதாத நீர் அது. அந்த வாய்க்காலில் யாராவது சணற்கட்டை அமிழ்த்தி அழுகவிட்டால் கீழ் வயற்காரர் என்ன சொல்வார் என்பதை எழுத வேண்டியதில்லை. சணல் ஊறிய நீர் கறுத்து நாறும், மீன் சாகும். குளத்து மீனை நம்பியும் குடும்பங்கள் உண்டு. நாரைப் பிரித்த பிறகு தாள் வார்க்கும் வேலைக்கு மேலும் நீர் வேண்டும், அதுவும் தெளிந்த நீர். காகஸிகள் பெரும்பாலும் ஆற்றோரத்தில் குடியிருந்தது தற்செயலன்று. நம் கனகராயன் ஆறு கோடையில் மணலாகக் கிடக்கும்.

நீரைவிட இன்னொரு காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காகஸியின் தொழில் இன்னொருவரின் கழிவில் நின்றது. முதலில் சணற்கயிறு திரிக்கிற ஊர் வேண்டும். அந்தக் கயிறு கிணற்றிலும் படகிலும் மாட்டின் கழுத்திலும் தேய்ந்து அறுந்து போக வேண்டும். அப்போதுதான் கடதாசிக்காரருக்கு மூலப்பொருள். வடக்கில் கயிறு என்றால் தென்னந்தும்பு, பனைநார். துலாவுக்கும் வண்டிலுக்கும் மாட்டுக்கும் அவையே. சணற்கயிறு இல்லாத இடத்தில் பழைய சணற்கயிறு எங்கிருந்து வரும்? வெறும் கடதாசிக்கென்று பச்சையாகச் சணல் வளர்ப்பதென்றால், நெல்லுக்குப் போக வேண்டிய பசளையை வெட்டி எடுப்பதாகும். உழுது புதைத்த வயற்காரருக்குத் தன் நிலக் கணக்கு தெரிந்திருந்தது. அதை வீணடிப்பு என்று எழுதுகிறவர்கள் அடுத்த போகத்து யூரியாவுக்கு யார் காசு கொடுப்பது என்று சொல்லட்டும்.

தமிழர் கடதாசியை நாடிய வரலாறும் இதையேதான் காட்டுகிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுக்கூடம் நடத்தியபோது ஐரோப்பியக் கடதாசி கப்பலில் வந்து சேர்வதற்குள் வேலை நின்றுவிடும். எழுத்தைச் சிறிதாக வார்த்துத் தாளை மிச்சம் பிடித்தார்கள். 1710களின் நடுவில் பக்கத்துப் பொறையாறில் சொந்தமாக ஒரு கடதாசிப் பட்டறையே கட்டினார்கள். அது நீண்ட காலம் நிலைக்கவில்லை; கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் மட்டும் நிலைத்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1834இல் மானிப்பாயில் அச்சுக்கூடம் தொடங்கியது. 1841இல் உதயதாரகை வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தம் அச்சுக்கூடத்தை நிறுவினார். எழுத்தும் அச்சும் உரையும் திருத்தமும் நம்முடையவை. தாள் மட்டும் கப்பல்சரக்கு. ஓலைக்குப் பனையை வளர்த்து, பருவம் பார்த்துக் குருத்து வெட்டி, வாட்டிப் பதப்படுத்திய சமூகம் ஓலையைக் கைவிட்டபோது அதன் இடத்துக்குத் தன் நிலத்தில் எதையும் பயிரிடவில்லை.

இதைத் திருப்பிப் பிடிக்க முயன்றவர் ஒரு தஞ்சாவூர்க்காரர். 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா, காந்தியின் அழைப்பில் 1934 இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் நடத்தினார். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தரிசி, தேனீ வளர்ப்பு இவற்றோடு கைக்கடதாசியும் அதில் ஒரு பிரிவு. சங்கத்தின் கடிதங்களும் இதழும் கைத்தாளிலேயே வந்தன. கே. பி. ஜோஷி பூனாவில் ஆராய்ச்சி செய்து, 1940இல் அங்கே ஒரு கைக்கடதாசி நிலையம் தொடங்கினார். குமரப்பாவின் வாதம் பொருளாதாரம் சார்ந்தது: ஊரில் கழிவாகும் நார் ஊரிலேயே தாளாகி, பள்ளிக்கும் காரியாலயத்துக்கும் போக வேண்டும். அவர் பெயரிலேயே சாங்கானேரில் பின்னாளில் ஒரு தேசியக் கைக்கடதாசி நிறுவனம் வந்தது. ஆனால் தொழில் பிழைத்தது அவர் சொன்ன வழியிலன்று. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959இல் தொடங்கிய கைக்கடதாசிப் பட்டறை தொட்டு, இன்றைய சாங்கானேர் வரை, முதற்பொருள் பருத்திக் கந்தல், குறிப்பாகப் பனியன் தைக்கும் ஆலைகளின் வெட்டுத்துண்டு. மீண்டும் கழிவு, மீண்டும் இன்னொரு தொழிலின் நிழல். தாள் போகும் இடமும் பள்ளிக்கூடமன்று. ஓவியர், அழைப்பிதழ், ஏற்றுமதி.

வைக்கலுக்கு ஒரு நியாயம் சொல்லாமல் போகக்கூடாது. சீனத்தில் அன்ஹுய் மாகாணத்து ஜிங் மாவட்டத்தில் செய்யும் சுவான் தாள், தூரிகை எழுத்துக்கும் மை ஓவியத்துக்கும் உலகமே தேடும் தாள், வைக்கலும் சேர்ந்து ஆனது. சிங்தான் என்ற மரத்தின் பட்டையையும் மணற்பாங்கான வயலில் விளைந்த நெல்லின் வைக்கலையும் சேர்க்கிறார்கள். சுண்ணாம்பில் ஊறவைத்து, அவித்து, மலைச்சரிவில் கற்களின் மேல் பரப்பி, மாதக்கணக்காக மழையிலும் வெயிலிலும் வெளுக்கவிடுகிறார்கள், குளோரின் இல்லை. பட்டை பலம் தருகிறது, வைக்கல் மையை உறிஞ்சும் மென்மை தருகிறது. வைக்கலோடு நீள நார் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அங்கே அந்தத் தாளுக்கு ஓவியன் தரும் விலை, மாதக்கணக்கான உழைப்பைத் தாங்குகிறது.

வன்னிக்கும் கடதாசிக்கும் இருந்த தொடர்பைப் போர் முதலில் அறுத்தது. பரந்தன் ஆலை 1980களின் நடுவில் நின்றது. கிழக்கில் வாழைச்சேனை ஆலை போரிலும் பழைய இயந்திரங்களிலும் தட்டுத்தடுமாறி ஓடி, பின்னர் வருடக்கணக்காக மூடிக் கிடந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் கிடைத்த பொதிசுற்றும் தாளிலும் அச்சாகின. அந்தப் பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பார்த்தால் தெரியும்: நீலக் கோட்டின் மேலே செய்தி ஓடும். 2009 தொடக்கத்தில் வட்டக்கச்சி மக்கள் எழும்பிப் போனபோது காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். பலருடையவை வந்து சேரவில்லை.

திரும்பி வந்தபோது வயலின் வேலைமுறை மாறிவிட்டது. மாட்டு உழவு போய் உழவு இயந்திரம்; அருவி வெட்டும் சூடடிப்பும் போய், வெட்டி அடித்து நெல்லைத் தனியே கொட்டும் அறுவடை இயந்திரம். அது வைக்கலைத் துண்டாக்கி வயலெங்கும் சிதறிவிட்டுப் போகிறது. பட்டடை கட்ட ஆளும் இல்லை, தின்ன மாடும் முன்புபோல இல்லை. அடுத்த உழவுக்கு அவசரப்படுகிறவர் நெருப்பு வைக்கிறார். இதுதான் இந்தத் தொடரில் முதன்முறையாக வைக்கலை உண்மையிலேயே வீண் என்று சொல்லக்கூடிய கட்டம். பயிர் எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கலில்தான் நிற்கிறது. எரித்தால் அது சாம்பலில் ஓரளவு மிஞ்சும், ஆனால் நைதரசன் ஏறத்தாழ முழுதும் புகையாகப் போய்விடும். 2021 சித்திரை, வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது, வைக்கலை எரித்தவர்களே பசளைக்கு அலைந்தார்கள். அடுத்த வருடம் பங்குனியில் டொலர் இல்லாமல் கடதாசி இறக்குமதியும் நின்றது. மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள், கொழும்பில் இரண்டு நாளிதழ்கள் தம் சனிக்கிழமைப் பதிப்பின் அச்சை நிறுத்தின. அப்போதுதான் வாழைச்சேனை பற்றி மறுபடி எல்லோரும் பேசினார்கள். அங்கே மீண்டும் இயந்திரத்தை ஓட்டும் முயற்சி நடந்தது, பழைய கடதாசியைக் கூழாக்கி. வைக்கல் திரும்பி வரவில்லை.

இந்த நாட்டில் கையால் செய்து உலகம் வாங்கிய தாள் எது என்று பார்த்தால், கேகாலைப் பக்கத்து மக்சிமஸ் பட்டறையின் யானைச் சாணத் தாள். 1990களின் இறுதியில் தொடங்கியது. யானை தின்ற புல்லும் பட்டையும் அதன் வயிற்றிலேயே பாதி பதப்பட்டு வெளியே வருகிறது. அவித்துச் சுத்தமாக்கி, பழைய கடதாசிக் கூழோடு கலந்து வார்க்கிறார்கள். அங்கேயும் நாருக்கென்று ஒருவரும் பயிர் வளர்க்கவில்லை, வெட்டவில்லை, ஊறவைக்கவில்லை.

வட்டக்கச்சியில் சணலை நாருக்கு வளர்க்க முடியுமா என்று இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய கணக்கு ஒன்றுதான். வயல் முழுதையும் நாருக்கு விட வேண்டாம். வரம்போரம் நெருக்கமாக ஒரு பாத்தி போதும். இலையை அங்கேயே உதிரவிடலாம். வாய்க்காலைத் தொடாமல், கிணற்று நீரில் ஒரு சீமெந்துத் தொட்டியில் ஊறவைக்கலாம். ஊறிய நீரைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊற்றலாம். இப்படிக் கிடைக்கும் நார் ஒரு பாடசாலையின் சித்திரப் பாடத்துக்குக் காணும். ஒரு தொழிலுக்குக் காணாது. அதற்குக் கயிறு திரிப்பவரும் தாளுக்கு விலை தருபவரும் முதலில் வேண்டும்.

அடுத்த பகுதி பனைநார் பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பனந்தும்பு கப்பலேறத் தொடங்கிய கதையும், அது ஐரோப்பாவில் துடைப்பமும் தூரிகையுமான விதமும்.